கார் ஆம்பிளிபயரைச் சோதிக்க எந்தப் பவர் சப்ளை?



ஐதராபாத்தில் கோட்டி என்று ஓர் இடம் இருக்கிறது. எந்நேரமும் பஸ்ஸும் கூட்டமும் நிறைந்த இடம். அங்கே குஜராத்தி கல்லி என்று ஒரு சந்து. கல்லி என்றாலே சந்துதான். சென்னைக்கு ரிட்சி தெரு எப்படியோ, ஐதராபாத்துக்கு இந்தக் கல்லி அப்படி. ரெசிஸ்டர், கண்டென்சர், டிரான்சிஸ்டர், ஸ்பீக்கர், ஒயர், மீட்டர் எல்லாம் அங்கே கிடைக்கும். ரிப்பேர் வேலை செய்கிறவர்கள் நகரத்தின் நாலு பக்கத்திலிருந்தும் அங்கே வருகிறார்கள்.

அப்படி வருகிறவர்களில் கார் ஸ்டீரியோ ரிப்பேர் செய்கிறவர்களும் உண்டு. புதிதாகக் கடை போடுகிறவருக்கு ஒரு கேள்வி கட்டாயம் வரும். "காரில் இருந்து கழற்றிய ஆம்பிளிபயரை மேஜையில் வைத்துச் சோதிக்க வேண்டும். அதற்கு எந்தப் பவர் சப்ளை வாங்குவது?"

கேள்வி சின்னது. தவறான பதில் கிடைத்தால் நஷ்டம் பெரியது. பாதி கெட்டுப் போய் வந்த ஆம்பிளிபயர், மேஜையில் முழுவதும் கெட்டுப் போகும். சொந்தக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டும். சில சமயம் ஒயர் உருகும். கை சுடும். கடையே தீப்பிடிக்கவும் வழி உண்டு. ஆகவே இந்தக் கேள்வியைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம்.

வோல்ட் என்ன, ஆம்பியர் என்ன?

வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, குழாயில் தண்ணீர் அவ்வளவு வேகமாக அழுத்தி வரும். மின்சாரத்தில் அந்த அழுத்தத்துக்குப் பெயர் வோல்ட். குழாய் வழியே எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்பது இன்னொரு கணக்கு. மின்சாரத்தில் அந்த ஓட்டத்துக்குப் பெயர் ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் வருவது வாட். அதுதான் சக்தி.

வீட்டில் வரும் மின்சாரம் 230 வோல்ட். அழுத்தம் அதிகம். அதனால் கொஞ்சம் ஓட்டமே போதும், மிக்சி சுற்றும். காரில் 12 வோல்ட்தான். அழுத்தம் குறைவு. அதே வேலையைச் செய்ய ஓட்டம் பெரிதாக இருக்க வேண்டும். 400 வாட் வேண்டும் என்றால் வீட்டில் 2 ஆம்பியருக்கும் குறைவு. காரில் 30 ஆம்பியர் அளவு. கார் ஆம்பிளிபயரின் ஒயர் விரல் தடிமனுக்கு இருப்பது இதனால்தான்.

12 வோல்ட் என்பதும் பெயருக்குத்தான். கார் பேட்டரியில் 6 அறைகள் உண்டு. உள்ளே ஈயத் தகடும் அமிலமும் இருக்கும். ஈய பேட்டரியை பிரான்ஸ் நாட்டின் பிளான்டே 1859இல் செய்து காட்டினார். இன்றும் கார்களில் அந்த வகைதான் பெரும்பாலும் ஓடுகிறது. ஒவ்வோர் அறையும் சுமார் 2.1 வோல்ட் தரும். ஆறும் சேர்ந்தால் 12.6. இது எஞ்சின் ஓடாதபோது. எஞ்சின் ஓடினால் ஆல்டர்னேட்டர் பேட்டரியை நிரப்பும். அப்போது மீட்டரை வைத்துப் பார்த்தால் 13.8 முதல் 14.4 வரை காட்டும்.

பாட்டுக் கேட்கிறவர் எஞ்சினை ஓட்டிக்கொண்டுதான் கேட்கிறார். ஆகவே மேஜையில் சோதிக்கும்போதும் 13.8 வோல்ட் கொடுப்பதே சரி. வெறும் 12 கொடுத்தால் பல ஆம்பிளிபயர்களில் சக்தி குறைவாகத் தெரியும். குறைவு கொஞ்சம் அல்ல. 14.4 வோல்ட்டில் 100 வாட் தரும் ஆம்பிளிபயர், 12 வோல்ட்டில் 70 வாட் அளவுதான் தரும். இது தெரியாமல் "ஆம்பிளிபயரில் சத்தம் வரவில்லை" என்று நல்ல பாகத்தைக் கழற்றிப் போடுகிறவர்களும் உண்டு.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

காரின் முன்பக்கத்தில் இருக்கும் சாதாரண ஸ்டீரியோ, பேட்டரியின் 12 வோல்ட்டை அப்படியே பயன்படுத்துகிறது. அப்படிச் செய்தால் ஒரு 4 ஓம் ஸ்பீக்கருக்கு 18 வாட் அளவுதான் கொடுக்க முடியும். எஞ்சின் ஓடினால் 26 வாட் வரை போகலாம். டப்பாவில் "50 வாட், 4 ஸ்பீக்கர்" என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். படித்துக்கொள்ளலாம். நம்ப வேண்டியதில்லை.

அதைவிடச் சத்தம் வேண்டும் என்றால் வோல்ட்டை ஏற்ற வேண்டும். அதற்காகத்தான் டிக்கியில் தனியாக ஓர் ஆம்பிளிபயர் வைக்கிறார்கள். அதன் மூடியைத் திறந்தால் வளையம் போன்ற ஒரு டிரான்ஸ்பார்மர் தெரியும். பக்கத்தில் வரிசையாக மாஸ்ஃபெட்கள். மாஸ்ஃபெட் என்பது வேகமான மின் சுவிட்சு. பேட்டரியின் மின்சாரத்தை நொடிக்குப் பல ஆயிரம் முறை திறந்து மூடும். அப்படித் துண்டு துண்டாக வெட்டினால்தான் டிரான்ஸ்பார்மர் அதை ஏற்றும். 12 வோல்ட் உள்ளே போய், பிளஸ் 30, மைனஸ் 30 என்று வெளியே வரும். சில பெட்டிகளில் இன்னும் அதிகம்.

இந்த யோசனை புதிது அல்ல. 1930களில் கார் ரேடியோவுக்குள் வால்வுகள் இருந்தன. வால்வுக்கு நூறு, இருநூறு வோல்ட் வேண்டும். அந்தக் காலக் கார்களில் பேட்டரி பெரும்பாலும் 6 வோல்ட். ஆகவே வைப்ரேட்டர் என்ற ஒரு சின்ன உறுப்பை வைத்தார்கள். அது வண்டு போல ரீங்காரம் செய்துகொண்டே மின்சாரத்தை வெட்டி வெட்டிக் கொடுத்தது. இன்று அந்த வேலையை மாஸ்ஃபெட் சத்தமில்லாமல் செய்கிறது.

ஆம்பிளிபயர் கெட்டால் பெரும்பாலும் முதலில் போவதும் இந்த மாஸ்ஃபெட்தான். அது கெடும்போது திறந்த சுவிட்சாக நிற்பதில்லை. மூடியபடியே ஒட்டிக்கொள்ளும். அதைத்தான் ஷார்ட் என்கிறோம். பிளஸ்ஸும் மைனஸும் நேராகத் தொட்டுக்கொண்ட நிலை. இனி என்ன ஆகும் என்பது, எதனோடு அதை இணைக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

பேட்டரி நல்லதுதானே?

பழைய கார் பேட்டரி ஒன்றை மேஜைக்கு அடியில் வைத்துக்கொள்வது எளிது. செலவும் குறைவு. காரில் இருப்பதும் பேட்டரிதானே என்று தோன்றும்.

ஆனால் பேட்டரிக்கு "போதும்" என்று சொல்லத் தெரியாது. எஞ்சினை ஸ்டார்ட் செய்யவே அதற்கு நூறு ஆம்பியருக்கு மேல் கொடுத்துப் பழக்கம். ஷார்ட் ஆன ஆம்பிளிபயரை அதனோடு இணைத்தால் சில நூறு ஆம்பியர் பாயும். மாஸ்ஃபெட் வெடிக்கும். அதன் கீழே உள்ள போர்டு கருகும். செப்புக் கோடுகள் எழும்பி வந்துவிடும். மாஸ்ஃபெட்டை மாற்றலாம். கருகிய போர்டை என்ன செய்வது?

வேறு ஆபத்தும் உண்டு. பேட்டரிக்குச் சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும். அது தீப்பற்றும் வாயு. காற்றோட்டம் இல்லாத சிறு கடையில், ஒரு பொறி போதும். பேட்டரியின் மேல் ஸ்பேனர் விழுந்தால் இரண்டு முனைக்கும் பாலம் போட்டதுபோல் ஆகிவிடும். மோதிரம், வளையல், இரும்புச் சங்கிலி வைத்த கடிகாரம் இவற்றுக்கும் இதே கதைதான். நொடியில் பழுக்கக் காய்ந்துவிடும். பேட்டரி வேலைக்கு முன்னால் இவற்றைக் கழற்றி வைக்க வேண்டும்.

சிலர் பேட்டரி சார்ஜரையே ஆம்பிளிபயருக்கு நேராகக் கொடுத்துவிடுகிறார்கள். இது அதைவிடத் தவறு. பழைய வகை சார்ஜரில் வரும் மின்சாரம் சமமாக இருக்காது. அலை அலையாக வரும். ஸ்பீக்கரில் "ம்ம்ம்" என்று முனகல் கேட்கும். பாரம் இல்லாதபோது வோல்ட் 16, 17க்கு மேலும் ஏறும். சார்ஜர் பேட்டரிக்கானது. நடுவில் பேட்டரி இருந்தால் மட்டும் அது அடங்கும்.

அப்படியானால் பேட்டரியே கூடாதா? கூடும். அதற்கு முன் ஒரு காவல் வைக்க வேண்டும்.

காவல் என்றால் ஒரு பல்பு

வீட்டு ஒயரிங் செய்கிறவர்களுக்கு சீரிஸ் பல்பு தெரியும். சந்தேகமான சாதனத்தை நேராக லைனில் கொடுக்கமாட்டார்கள். நடுவில் ஒரு குண்டு பல்பை வைப்பார்கள். ஷார்ட் இருந்தால் பல்பு எரியும். வேறு சேதம் வராது. அதே வேலையை 12 வோல்ட்டிலும் செய்யலாம். கார் ஹெட்லைட் பல்பு போதும். பழைய இழை வைத்த ஹாலஜன் பல்பு வேண்டும். இப்போது வரும் எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது.

பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து முதலில் பியூஸ். அடுத்து பல்பு. அதற்குப் பிறகு ஆம்பிளிபயரின் பிளஸ். மைனஸ் நேராக மைனஸுக்கு.

60 வாட் பல்பில் 12 வோல்ட் கொடுத்தால் 5 ஆம்பியர் ஓடும். அதுதான் எல்லை. உள்ளே எவ்வளவு பெரிய ஷார்ட் இருந்தாலும் பல்பு 5 ஆம்பியருக்கு மேல் விடாது. பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், அவ்வளவுதான். உடனே அணைத்துவிட்டுக் கெட்ட பாகத்தைத் தேடலாம். ஆம்பிளிபயர் நன்றாக இருந்தால் பல்பு ஒரு கணம் மின்னும். உள்ளே இருக்கும் பெரிய கண்டென்சர்கள் நிரம்பும்போது வரும் மின்னல் அது. பிறகு மங்கிவிடும்.

பல்பு இப்படி வேலை செய்வதற்கு ஒரு காரணம் உண்டு. இழை குளிர்ந்திருக்கும்போது மின்சாரத்தை எளிதாக விடும். சூடானால் தடுக்கும். ஓட்டம் கூடக் கூடத் தடையும் கூடும். இரண்டாவது கைப் பல்பு ஒன்று செய்யும் வேலை இது. ஏழைக் கடைக்கு இதைவிட நல்ல காவல் இல்லை.

பல்பைக் காவல் வைத்து முழுச் சத்தத்தில் பாட முடியாது. அதற்கு ஓட்டம் போதாது. இது முதல் சோதனைக்கு மட்டும்.

எல்லை வைக்கத் தெரிந்த சப்ளை

கையில் கொஞ்சம் பணம் இருந்தால் பல்புக்குப் பதில் லேப் பவர் சப்ளை வாங்கலாம். கல்லூரிகளின் சோதனைச் சாலையில் இருப்பது இதுதான். முன்பக்கம் இரண்டு குமிழ்கள் இருக்கும். ஒன்று வோல்ட்டுக்கு. மற்றொன்று ஆம்பியருக்கு. 0 முதல் 30 வோல்ட், 5 ஆம்பியர் என்ற அளவில் நிறையக் கிடைக்கின்றன. 10 ஆம்பியரும் உண்டு.

கடைக்காரர் வோல்ட் குமிழைத்தான் பெருமையாகத் திருகிக் காட்டுவார். ரிப்பேர்காரருக்கு முக்கியம் மற்றக் குமிழ். அதற்குப் பெயர் கரண்ட் லிமிட். சில மலிவான எலிமினேட்டர்களில் வோல்ட் குமிழ் மட்டும் இருக்கும். அவை இந்த வேலைக்கு ஆகாது.

கரண்ட் லிமிட் வைப்பது எளிது. குமிழைக் குறைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வெளியே வரும் சிவப்பு ஒயரையும் கறுப்பு ஒயரையும் தொட வைக்க வேண்டும். மற்ற எதனோடும் இதைச் செய்யக்கூடாது. எல்லை வைக்கத் தெரிந்த லேப் சப்ளையில் மட்டும் இது சரி. பிறகு குமிழை மெல்லத் திருகி, மீட்டரில் 2 ஆம்பியர் வந்ததும் நிறுத்த வேண்டும். இனி என்ன ஆனாலும் 2 ஆம்பியருக்கு மேல் போகாது. ஒயர்களைப் பிரித்துவிட்டு, வோல்ட்டை 13க்கு வைத்து ஆம்பிளிபயரை இணைக்கலாம்.

பாட்டு இல்லாமல் சும்மா இருக்கும்போது சாதாரண ஆம்பிளிபயர் அரை ஆம்பியர் முதல் 2 ஆம்பியர் வரை குடிக்கும். மீட்டர் அந்த அளவில் நின்றால் நல்லது. ஷார்ட் இருந்தால் ஆம்பியர் எல்லையிலேயே முட்டி நிற்கும். வோல்ட் கீழே விழும். ஒன்றும் கருகாது. புகையும் வராது. எங்கே சூடாகிறது என்று தேட நேரம் கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை. எல்லையை மிகவும் குறைத்து வைத்தால் நல்ல ஆம்பிளிபயர்கூடக் கிளம்பாது. டிக் டிக் என்று முயன்று முயன்று நிற்கும். பல ஆம்பிளிபயர்கள் 9 அல்லது 10 வோல்ட்டுக்குக் கீழே வேலை செய்யாமல் தங்களை அணைத்துக்கொள்ளும். அப்போது 3, 4 என்று மெல்ல ஏற்றிப் பார்க்க வேண்டும்.

முழு பலத்துக்கு எத்தனை ஆம்பியர்?

பழுது பார்த்து முடித்த பிறகு, பாட்டுப் போட்டுப் பார்க்க வேண்டும். இதற்கு 5 ஆம்பியர் போதாது. எத்தனை வேண்டும் என்பதை டப்பா சொல்லாது. டப்பாவில் 2000 வாட் என்று இருக்கும். ஆம்பிளிபயரின் பக்கத்தில் செருகியிருக்கும் பியூஸ்தான் உண்மை சொல்லும்.

பியூஸின் தலையில் எண் இருக்கும். நிறத்தை வைத்தே பியூஸ் மாற்றுகிறவர்களும் உண்டு. சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. நிறம் வெளுத்துப் போகும். எண் அப்படியே இருக்கும். எண்ணைப் படிப்பதே நல்லது.

இரண்டு 30 ஆம்பியர் பியூஸ் இருக்கிறது என்று வையுங்கள். மொத்தம் 60. அதை 13.8ஆல் பெருக்கினால் 828 வாட். உள்ளே போகக்கூடியதே அவ்வளவுதான். பழைய ஏ.பி. வகை ஆம்பிளிபயரில் அதில் பாதி அளவு வெப்பமாகப் போய்விடும். மிச்சம் 400 வாட்டுக்குச் சற்று மேலே. டி வகை ஆம்பிளிபயரில் வீண் குறைவு. அதில் 650 வாட் வரை கிடைக்கலாம். 2000 வாட் எங்கிருந்து வரும்? டப்பாவை அச்சடித்தவரைத்தான் கேட்க வேண்டும்.

60 ஆம்பியர் ஆம்பிளிபயருக்கு 60 ஆம்பியர் சப்ளை வேண்டுமா? ரிப்பேர் கடைக்கு வேண்டியதில்லை. பாட்டில் மேளம் அடிக்கும் கணத்தில்தான் ஓட்டம் உச்சிக்குப் போகும். மற்ற நேரத்தில் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. அளவான சத்தத்தில் அரை மணி நேரம் பாட வைத்தால் பெரும்பாலான குறைகள் வெளியே வந்துவிடும். ஆகவே 13.8 வோல்ட், 30 ஆம்பியர் சப்ளை ஒன்று இருந்தால் சிறு கடையின் வேலையில் பெரும்பகுதி நடக்கும்.

30 ஆம்பியர் என்றதும் சிலர் பயப்படுவார்கள். கடையின் ஒயரிங் தாங்குமா என்று கேட்பார்கள். தாங்கும். அந்த 30 ஆம்பியர் 13.8 வோல்ட் பக்கத்தில் ஓடுவது. 230 வோல்ட் பக்கத்தில் 2 ஆம்பியருக்குச் சற்று மேலேதான் ஓடும். சாதாரண மூன்று முனை பிளக் போதும். மூன்றாவது முனையான எர்த் மட்டும் உண்மையாகவே மண்ணுக்குப் போயிருக்க வேண்டும்.

30 ஆம்பியர் சப்ளையில் இரண்டு வகை. ஒன்று கனமான டிரான்ஸ்பார்மர் வைத்தது. தூக்கினால் இடுப்பு வலிக்கும். சூடாகும். ஆனால் இரைச்சல் இல்லாத மின்சாரம் தரும். நீண்ட நாள் உழைக்கும். கெட்டால் பக்கத்துக் கடையிலேயே சரி செய்யலாம். மற்றொன்று எஸ்.எம்.பி.எஸ். எடை குறைவு, விலையும் குறைவு. இப்போது அதிகம் விற்பது இதுதான்.

எல்.இ.டி. பலகைகளுக்காக விற்கும் 12 வோல்ட், 30 ஆம்பியர் எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் பலர் வாங்குகிறார்கள். உள்ளே ஒரு சிறு திருகு இருக்கும். அதைத் திருப்பி 13 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே ஏற்றலாம். ஆனால் மேளம் பலமாக அடித்தால் சில சப்ளைகள் அணைந்து அணைந்து எரியும். அது சப்ளையின் தற்காப்பு. ஆம்பிளிபயரின் குறை என்று தப்பாக நினைக்கக் கூடாது. பழைய கம்ப்யூட்டர் சப்ளையும் இப்படித்தான். அதன் மேல் ஒட்டிய தாளில், 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று இருக்கும். மொத்த வாட்டைப் பார்த்து ஏமாறக்கூடாது. பெரிய சர்வர் கம்ப்யூட்டர்களின் பழைய சப்ளை 12 வோல்ட்டில் 60 ஆம்பியருக்கு மேலும் தரும். விலையும் மலிவு. ஆனால் அதில் எல்லையைக் குறைத்து வைக்கக் குமிழ் கிடையாது. கை பழகியவருக்குத்தான் அது சரி.

ஹாம் ரேடியோக்காரர்கள் காட்டிய வழி

13.8 வோல்ட், 30 ஆம்பியர் சப்ளை கார் ஆம்பிளிபயருக்காக மட்டும் பிறந்தது அல்ல. ஹாம் ரேடியோ என்று ஒரு பொழுதுபோக்கு உண்டு. அரசு உரிமம் பெற்றவர்கள் வீட்டிலிருந்தே வானொலி மூலம் உலகத்தோடு பேசுவார்கள். அவர்களுடைய 100 வாட் கருவிகள் காரிலும் ஓடும்படி 13.8 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டவை. பேசும்போது 20 ஆம்பியர் அளவு இழுக்கும். வீட்டில் ஓட்ட 25, 30 ஆம்பியர் சப்ளை வேண்டும். நாளெல்லாம் ஓடியும் இரைச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். ரிப்பேர் மேஜைக்கு வேண்டியதும் அதுவே.

இந்தியாவின் தேசிய அமெச்சூர் ரேடியோ நிலையம் ஐதராபாத்தில்தான் இருக்கிறது. 1983இல் தொடங்கியது. 2004 டிசம்பரில் அதன் சார்பில் ஒரு ஹாம் குழு அந்தமானுக்குப் போயிருந்தது. 26ஆம் தேதி சுனாமி வந்தது. தொலைபேசி அறுந்த நேரத்தில் அந்தக் குழு செய்தி அனுப்ப உதவியது. ஹாம் பழக்கம் உள்ளவர் அருகில் இருந்தால், சப்ளை வாங்கும் முன் அவரைக் கேட்பது நல்லது. சொல்லித் தருவதில் அவர்களுக்குச் சலிப்பு கிடையாது.

காசு கொடுக்கும் முன்னால் சப்ளையைச் சோதித்துப் பார்க்கவும் ஒரு வழி உண்டு. மறுபடியும் ஹெட்லைட் பல்புதான். ஒன்று 5 ஆம்பியர். 6 பல்புகளைப் பக்கம் பக்கமாக இணைத்தால் 30. எல்லாம் எரியும்போது மீட்டரை வைத்துப் பார்க்க வேண்டும். 13.8 அப்படியே நின்றால் சப்ளை சொன்ன சொல் காப்பாற்றுகிறது. 11க்கு விழுந்தால் தாளில் எழுதிய 30 வெறும் எழுத்துதான். 10 நிமிடமாவது எரிய விட வேண்டும். ஐதராபாத்தின் மே மாத வெயிலில் அந்த விசிறி தாங்க வேண்டுமே.

இணைக்கும் முறை

நல்ல சப்ளை வாங்கி, மெல்லிய ஒயர் போடுகிறவர்கள் உண்டு. வீட்டு ஒயரிங்கில் போடும் 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் 30 ஆம்பியர் விட்டால், போக ஒரு மீட்டர், வர ஒரு மீட்டர் தூரத்திலேயே முக்கால் வோல்ட் காணாமல் போகும். ஒயரும் சுடும். 10 சதுர மில்லிமீட்டர் செப்பு ஒயர் போட்டால் இழப்பு பத்தில் ஒரு வோல்ட் அளவுதான். முனைகளைத் திருகி இறுக்க வேண்டும். சின்ன கிளிப்பில் 30 ஆம்பியர் ஓடாது.

ஆம்பிளிபயரில் மூன்று முனைகள் இருக்கும். பிளஸ், கிரவுண்டு, ரெம். ரெம் என்பது ரிமோட். காரில் ஸ்டீரியோவைப் போட்டதும் அதிலிருந்து இந்த முனைக்கு 12 வோல்ட் வரும். அப்போதுதான் ஆம்பிளிபயர் விழிக்கும். மேஜையில் பிளஸ்ஸிலிருந்து ஒரு சிறு ஒயரை இதற்குக் கொடுக்க வேண்டும். இது தெரியாமல் "பெட்டி செத்துப் போச்சு" என்று மூடியைத் திறந்தவர்கள் பலர்.

மின்சாரமே கொடுக்காமல் முதல் சோதனையைச் செய்துவிடலாம். மல்டிமீட்டரை ஓமில் வைத்து, பிளஸ்ஸுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே பார்க்க வேண்டும். முள் பூஜ்யத்தில் போய் நின்றால் உள்ளே ஷார்ட். சப்ளையைத் தொடவே தேவையில்லை. ஷார்ட் இல்லை என்றால் பல்பு வழியாகவோ, 2 ஆம்பியர் எல்லையிலோ முதல் தடவை கொடுக்க வேண்டும். ஸ்பீக்கர் அப்போது இணைந்திருக்கக் கூடாது. ஸ்பீக்கர் முனைகளில் டி.சி. வோல்ட் வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்குக்குக் குறைவாக இருந்தால் சரி. பல வோல்ட் காட்டினால் ஸ்பீக்கரின் சுருள் எரிந்துவிடும். மூடி திறந்திருக்கும்போது உள்ளே கை வைக்கக் கூடாது. பிளஸ் 30க்கும் மைனஸ் 30க்கும் நடுவே 60 வோல்ட் இருக்கிறது. அணைத்த பிறகும் கண்டென்சரில் கொஞ்ச நேரம் தங்கும்.

இதெல்லாம் சரியாக வந்த பிறகுதான் பெரிய சப்ளை. முதலில் ஸ்பீக்கருக்குப் பதில் 4 ஓம், 100 வாட் ரெசிஸ்டர் ஒன்றை மாட்டலாம். கடைத்தெருவில் யாருடைய காதும் போகாது. ரெசிஸ்டர் நன்றாகச் சுடும். அதை மரப்பலகையில் வைக்காமல் அலுமினியத் தகட்டில் பொருத்த வேண்டும். அதன் பிறகு ஸ்பீக்கரை மாட்டி, பாட்டை அரை மணி நேரம் ஓட விட வேண்டும். ஹீட் சிங்க் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சூடாகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு மூலை மட்டும் கொதித்தால் வேலை இன்னும் பாக்கி இருக்கிறது.

பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும் முன் பியூஸையும் பார்க்க வேண்டும். பல பெட்டிகள் பியூஸ் இருந்த இடத்தில் ஒயர் சுற்றி வருகின்றன. அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, பெட்டியில் எழுதியிருக்கும் எண்ணைப் படித்து, அதே எண் உள்ள பியூஸைச் செருக வேண்டும். ஏன் மாற்றினோம் என்று சொந்தக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அவர் மறுபடி ஒயர் சுற்றமாட்டார்.